அழைப்பு நேரம்

நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு
காசு கேட்கக் கூடாது. அது சட்டம்.
அதனால் தெருவைக் கடந்து வருகிறோம்,
என் கையில் பெட்டி,
உறுப்பினர் வெண்டல் ஹாஸ்கின்ஸ் கையில்
பாதி கடித்த ரொட்டி.

ஜன்னல் இல்லாத அறை.
ஒரு மேசை, இரண்டு தொலைபேசி,
முந்தைய ஆள் விட்டுப்போன பெப்பர்மின்ட் உறைகள்.
எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை
ஜனநாயகம் இங்கேதான் வேலை பார்க்கிறது.

என் வேலை அட்டை எடுத்துக் கொடுப்பது.
அட்டையில் பெயர், ஊர்,
போன தடவை கொடுத்தது, இந்தத் தடவை கேட்க வேண்டியது,
இப்போதைய மனைவி பெயர்,
முழங்கால் அறுவை, மகளின் குதிரை, நாய்.

நாய் முக்கியம்.
போன மார்ச்சில் கனெக்டிகட்டில் ஒரு லாப்ரடார் செத்துப்போனது.
பதினான்கு வயது.
வெண்டல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.
நடிப்பு என்று நினைத்தேன். இல்லை.
மூக்கைச் சிந்திவிட்டு
அடுத்த அட்டைக்குக் கை நீட்டினார்.

அவர் கெட்டவர் இல்லை, இதைச் சொல்லியாக வேண்டும்.
எட்டு வருடத்துக்கு முன் ஒஹையோ நதிக்கரையில்
பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாட்டிக்கொண்டிருந்தவர்.
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருப்பதாகத்
தேர்தல் துண்டறிக்கையில் நான்தான் எழுதினேன்.
இப்போது அந்த விரல்
ஒன்பதை அழுத்தி வெளி லைன் வாங்குகிறது.

"எப்படி இருக்கிறீர்கள், பிரெஸ்காட்?
அந்த மசோதாவா? பார்க்கிறேன். நானே பார்க்கிறேன்."
யாரும் எதையும் விற்கவில்லை.
யாரும் எதையும் வாங்கவில்லை.
காது மட்டும் நாளுக்கு நாள் சாய்கிறது
ஒரே பக்கம் பாரம் ஏற்றிய வண்டி மாதிரி.

ஜூனில் மசோதாவின் நாற்பதாம் பக்கத்தில்
ஓர் 'அல்லது' முளைத்திருந்தது.
யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது.
அந்த ஒரு சொல்லின் சந்து வழியாக
ஒரு ஆலை, தன் கழிவு மொத்தத்தோடும்,
நதிக்கு நடந்து போனது.

ஊர் அலுவலகத்தில்
குரல் பதிவுப் பெட்டி நிரம்பிவிட்டது.
நிரம்பிவிட்டது என்று அறிவிக்கும் குரலும்
என்னுடையதுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு தப்பு நடந்தது.
தப்பு என்றே இருக்கட்டும்.
ஏழு டாலருக்கு ஒரு காசோலை வந்திருந்தது,
மளிகைக் கடை ரசீதின் பின்பக்கம் ஒரு கடிதம்:
எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் துருநிறம்.
ஒரு தடவை வந்து பாருங்கள்.
ஆர்லீன் ஸ்டசாக், மில் தெரு.

அவளுக்கும் ஒரு அட்டை எழுதினேன்.
நாய் என்ற இடத்தில் ஒரு கோடு.
ஒரு சிமென்ட்டுக்கும் ஒரு மருந்து கம்பெனிக்கும் நடுவில்
செருகி வைத்தேன்.

வெண்டல் பெயரைப் பார்த்தார், தொகையைப் பார்க்கவில்லை.
மூன்றாவது மணியில் எடுத்தாள்.
"ஆர்லீன்! வெண்டல் பேசுகிறேன். வீட்டில் எல்லோரும் நலமா?
இந்தக் காலாண்டு கொஞ்சம் நெருக்கடி.
மூவாயிரம் என்று
உங்கள் பெயரில் குறித்துக்கொள்ளட்டுமா?"

வெகுநேரம் ஒன்றும் இல்லை.
ஒரு குழாய் ஓடும் சத்தம்.
அதை மூடும் சத்தம்.
பிறகு, தவணை கேட்டு வந்தவனிடம் பேசும்
தணிந்த குரல்:
"இந்த மாதம் முடியாதுங்க.
அடுத்த மாதம் ஏழு அனுப்பிவிடுகிறேன்.
கட்டாயம் அனுப்புவேன்."

தண்ணீரைப் பற்றி
அவளும் கேட்கவில்லை.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
வாயைத் திறந்தார், ரொட்டியைக் கடித்தார்,
கை நீட்டினார்.

நான் அடுத்த அட்டையைக் கொடுக்காமல்
கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.
என் வாழ்க்கையில் நான் செய்த எதிர்ப்பு அதுதான்.
பதினைந்து விநாடி இருக்கும்.